செடி கீறிய கண்ணோடு நாளைக் கடத்தாதீர்கள்

மாசிப் பிற்பகுதியில் தொடங்கிச் சித்திரை முடியும்வரை என்னிடம் வரும் கருவிழிப் புண்களில் ஒரு பங்கு வீட்டுத் தோட்டத்திலிருந்து வருகிறது. காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் கண்ணில் செடி குத்தும் என்று ஊரில் ஒரு நினைப்பு. விருதுநகரிலும் சிவகாசியிலும் திருத்தங்கலிலும் இப்போது மாடி இல்லாத வீட்டில்கூட வாசல்படியில் நாலு தொட்டி இருக்கிறது. பெயிண்ட் வாளியில் ரோஜா, விரிசல் விட்ட குடத்தில் எலுமிச்சை, மதில்மேல் ஏற்றிவிட்ட காகிதப்பூ. வெயில் ஏறும் பங்குனியில் காகிதப்பூ இலை தெரியாமல் பூத்து வாசலை மறிக்கும். அரிவாளோடு வெட்டப் போவார்கள்.

செடி வளர்ப்பதை நான் குறை சொல்லவில்லை. இந்தக் கரிசல் பூமியில், காத்திருந்து பிடித்த தண்ணீரில் மிச்சம் பிடித்து ஒரு செடியைப் பூக்க வைக்கிறவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. கண்ணில் கீறல் பட்ட பிறகு அவர்கள் மருத்துவரிடம் வந்து சேர ஆகும் நாட்கள்தான் என் கவலை.

பட்டாசு மருந்து என்று நினைத்து விடுவது

போன பங்குனியில் ஒரு பெண் வந்தார். பட்டாசு ஆலையில் குழாயில் மருந்து செலுத்தும் வேலை. வலது கருவிழியின் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அதன் ஓரம் பஞ்சு பிரிந்ததுபோல் சிதறி இருந்தது. கருவிழிக்குப் பின்னால், கீழ்ப்பக்கம் சீழ் தேங்கிக் கோடாகத் தெரிந்தது. "மருந்துதான் பட்டிருக்கும்னு நெனச்சேன் டாக்டர். அடிக்கடி உறுத்தும், கழுவுனா போயிரும்" என்றார். துருவிக் கேட்ட பிறகுதான், அதற்கு முந்தின வாரம் ஞாயிற்றுக்கிழமை லீவில் தொட்டி எலுமிச்சையில் காய் பறித்தபோது முள் கண்ணில் உரசியது நினைவுக்கு வந்தது. எடுக்கிற வேலைக்குத்தான் கூலி. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும் என்று பொறுத்திருக்கிறார்.

இந்தப் பக்கத்து மக்களுக்கு மட்டும் இருக்கும் ஆபத்து இது. கண் உறுத்தல் இங்கே தினப்படி விஷயமாகிவிட்டது. அலுமினியப் பொடி, கரித்தூள், காகிதத் தூசி என்று ஏதாவது ஒன்று கண்ணில் விழுந்துகொண்டே இருப்பதால், செடியால் வந்த கீறலையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

பூஞ்சை வேறு நம்மை ஏமாற்றும். கீறல் பட்ட அன்று கரித்து நீர் வடியும். மறுநாள் பாதி குறைந்துவிடும். 'சரியாப் போச்சு' என்று தோன்றும் அந்த இடைவெளியில்தான் இலையிலும் மண்ணிலும் இருந்த பூஞ்சை கருவிழிக்குள் வேர் பிடிக்கிறது. வலி திரும்பி வரும்போது நாலைந்து நாள் ஆகியிருக்கும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும்.

அரிதான நோய் என்று நினைக்க வேண்டாம். 1990களில் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கில் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கில் அது 11. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை, மூன்றே மாதத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இந்தப் புண்ணோடு 434 பேர் வந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் கண்ணில் முன்பே காயம் பட்டிருந்தது. கிருமி வளர்ந்து காட்டிய புண்களில் ஏறத்தாழ பாதி பூஞ்சைப் புண்.

வீட்டு வைத்தியம்

இதைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியவில்லை. வருகிறவர்களில் பலர் ஏதாவது ஒன்றைக் கண்ணில் விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

தாய்ப்பால். "மதினி பிள்ளை பெத்திருக்கா, அவகிட்ட வாங்கி ரெண்டு சொட்டு விட்டேன்." பிள்ளையின் வயிற்றுக்கு அதைவிட உயர்ந்த உணவு இல்லை. ஆனால் பிழிந்து, சங்கிலோ கிண்ணத்திலோ எடுத்து வருவதற்குள் அதில் தோலின் கிருமியும் கையின் கிருமியும் கலந்துவிடும். கீறல் இல்லாத கண் அதைத் தாங்கிக்கொள்ளலாம். தோல் உரிந்த கருவிழி தாங்காது.

நந்தியாவட்டைப் பூ. இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கண்ணில் விடுவது. பாட்டி காலத்திலிருந்து செய்கிறோம் என்பார்கள். செடியிலிருந்து பறித்த பூவில் அந்தச் செடியின் தூசியும் பூஞ்சையும் இருக்கும். அது இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறினால் பெருகத்தான் செய்யும். செடி கிழித்த கண்ணில் மறுபடியும் செடியையே பிழிவது என்ன வைத்தியம்?

விளக்கெண்ணெய் குளிர்ச்சி என்று விடுகிறார்கள். அடுப்படியில் திறந்து கிடக்கும் புட்டியில் இருப்பது கண்ணுக்கான மருந்து ஆகாது. பன்னீர், தேன், வெங்காயச் சாறு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். கண்ணில் விழுந்த தூசியை நாக்கால் வழித்தெடுக்கும் வழக்கமும் சில கிராமங்களில் இன்னும் இருக்கிறது. வாயில் இருக்கும் கிருமிகளை நேராகக் கருவிழியில் பூசுவதற்குச் சமம் அது. முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதி ஒத்தடம் கொடுப்பதும் வேண்டாம். கீறல் பட்ட கண்ணை அழுத்தவே கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருக்கன்குடி மாரியம்மனிடம் கண்ணுக்காக வேண்டிக்கொள்ளாத குடும்பம் இந்த மாவட்டத்தில் குறைவு. வேண்டிக்கொள்ளுங்கள், கண்மலர் செலுத்துங்கள். அந்த நம்பிக்கை வலியில் இருப்பவருக்கு எவ்வளவு தெம்பு என்று நான் பார்க்கிறேன். தீர்த்தத்தை மட்டும் கண்ணில் விட வேண்டாம், தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகும் முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுப் போங்கள்.

தாத்தாவின் சொட்டு மருந்து

வீட்டு வைத்தியத்தைவிட எனக்குப் பயம் இதுதான். தாத்தாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து பீரோவில் மிச்சம் இருக்கும். கண் சிவந்ததும் அதை எடுத்து விடுவார்கள். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அறுவை சிகிச்சை செய்த கண்ணுக்கு அது தேவை. பூஞ்சை புகுந்த கண்ணில் அது, நோயை எதிர்க்கும் உடம்பின் கையைக் கட்டிப்போட்டுவிடும். விட்ட மறுநாள் சிவப்பு குறையும், வலி குறையும், ஆஹா என்று தொடர்ந்து விடுவார்கள். உள்ளே பூஞ்சை ஆழமாக இறங்கிக்கொண்டிருக்கும்.

மருந்துக்கடையில் "கண்ணு செவந்திருக்குண்ணே, ஏதாவது சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டு வாங்குவதும் இதேதான். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். கேட்பவரும் கேட்கிறார், கொடுப்பவரும் கொடுக்கிறார், கண் மட்டும் ஒருவருடையது. மருந்துக்கடை நடத்தும் சகோதரர்களே, செடி, முள், தூசி என்று யார் சொன்னாலும் தயவுசெய்து மருந்தை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கைகாட்டிவிடுங்கள்.

மெட்ராஸ் ஐ என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

மெட்ராஸ் ஐ பொதுவாக ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்கும் போகும், பீளை கட்டும், காலையில் இமை ஒட்டும், வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். கருவிழிப் புண் ஒரே கண்ணில் நிற்கும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, பார்வை மங்கும், வலி ராத்தூக்கத்தைக் கெடுக்கும். கண்ணாடியில் பார்த்தால் கருப்பில் வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் ஏற்கெனவே தாமதம் ஆகிவிட்டது.

பால் வடியும் செடிகள்

கள்ளி, எருக்கு, வரவேற்பறையில் வைக்கும் டிஃபன்பேக்கியா மூன்றின் சாறும் கண்ணுக்கு ஆகாது. எருக்கம்பால் இவற்றில் வஞ்சகமானது. காலில் சீமைக்கருவேல முள் ஏறினால் எருக்கம்பால் வைத்து எடுப்பார்கள், அதே கையால் கண்ணைத் துடைப்பார்கள். வலி அவ்வளவாக இருக்காது. பார்வை மட்டும் புகைபோல் மங்கும். வலி இல்லையே என்று தூங்கப் போய்விடாதீர்கள். எந்தச் செடியின் பால் பட்டாலும் உடனே குழாய்த் தண்ணீரில், இமையை விரித்துப் பிடித்து, கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

பரிசோதனையும் மருந்தும்

புண்ணின் மேல்பகுதியைச் சற்றே சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்போம்.

பூஞ்சை என்றால் நேட்டமைசின் சொட்டு மருந்து. அதைவிட வோரிகோனசோல் நல்லதா என்று அரவிந்த் மருத்துவமனைகளில் ஒப்பிட்டுப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். நேட்டமைசின்தான் மேல் என்று வந்தது. முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை விட வேண்டும், பிறகும் வாரக்கணக்கில் தொடர வேண்டும். ஒரு நாள் சம்பளத்தைப் பார்த்துத் தள்ளிப்போட்டவர்கள் ஒரு மாதச் சம்பளத்தை இழப்பது இப்படித்தான். ஆறினாலும் கண்ணில் பூ விழுந்துவிடும். புண் ஓட்டை போட்டுவிட்டால் யாராவது தானம் கொடுத்த கருவிழிக்குக் காத்திருக்க வேண்டும்.

சீக்கிரம் வந்தால் கதையே வேறு. நேபாளத்தின் பக்தபூரில் கிராம சுகாதாரப் பணியாளர்கள் கருவிழிக் கீறலோடு வந்தவர்களுக்கு மூன்று நாள் ஒரு சாதாரண ஆன்டிபயாடிக் களிம்பு கொடுத்தார்கள். கீறல் பட்டு 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 2001இல் வெளியான ஆய்வு இது. களிம்பின் பெயரை நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. கீறலா புண்ணா என்று பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

கெஞ்சிக் கேட்கிறேன்

கொடியை வெட்டும்போது கண்ணாடி போடுங்கள். பவர் இல்லாத சாதாரணக் கண்ணாடி போதும். பைக் ஓட்டும்போது போடும் கண்ணாடியை மாடிக்கும் எடுத்துப் போங்கள். முகத்துக்கு நேராகத் தொங்கும் கிளையை இழுத்து வெட்டாதீர்கள், விட்டவுடன் அது திரும்பி அடிக்கும். முள்செடித் தொட்டியை மாடிப்படித் திருப்பத்தில், குழந்தையின் கண் மட்டத்தில் வைக்காதீர்கள். தக்காளிக்கும் கத்தரிக்கும் ஊன்றிய குச்சியின் முனையில் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கவிழ்த்துவிடுங்கள். களை பிடுங்கக் குனிந்து கண்ணில் குச்சி குத்தி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காய்ந்த தென்னை நார்த்தூளைக் காற்றடிக்கும்போது கொட்டாதீர்கள், முதலில் தண்ணீர் தெளியுங்கள். மண் அளைந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள், உங்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும்.

இத்தனையும் மீறிக் கண்ணில் ஏதாவது உரசினால் அன்றைக்கே வாருங்கள். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, சிவகாசியிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்று திங்கள்வரை பொறுக்க வேண்டாம். கண்ணை இறுக்கிக் கட்டாதீர்கள், கறுப்புக் கண்ணாடி போதும். எந்தச் செடி, எத்தனை மணிக்குப் பட்டது என்று சொல்லுங்கள். இதுவரை விட்ட சொட்டு மருந்து பாட்டிலைக் கையோடு கொண்டுவாருங்கள். தாய்ப்பால் விட்டிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டோம். எங்களுக்குத் தெரிந்தால்தான் சரியான மருந்தைத் தொடங்க முடியும்.