டி.கே.எம். 6: திரூர் நெல்லும் பூச்சியியலாளர் பணியும்

டி.கே.எம். 6 என்பது திருவள்ளூர் மாவட்டம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1952-இல் வெளியிடப்பட்ட நெல் இரகம். ஜி.இ.பி. 24, கோ 18 ஆகிய இரகங்களைக் கலப்பினம் செய்து உருவாக்கப்பட்டது. பெயரிலுள்ள மூன்று எழுத்துகளும் திரூர்குப்பத்தைக் குறிக்கும். மணவாள நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் பிறந்த இந்த நெல், தண்டுத் துளைப்பானைத் தாங்கும் திறனால் உலக நெல் ஆராய்ச்சியில் இடம் பெற்றது. பூச்சியியலாளர் என்பவர் என்ன வேலை செய்கிறார் என்பதை அறிய விரும்பும் மாணவர்கள் இந்த ஒரு நெல்லின் வரலாற்றைத் தொடர்ந்து சென்றாலே போதும்.

தண்டுத் துளைப்பான்

மஞ்சள் தண்டுத் துளைப்பானின் தாய் அந்துப்பூச்சி, இலையின் நுனிப் பகுதியில் முட்டைகளைக் குவியலாக இட்டுப் பழுப்பு நிற மயிரால் மூடிவிடும். முட்டையிலிருந்து வரும் புழு தண்டைத் துளைத்து உள்ளே சென்று தின்னும். பயிர் இளமையாக இருந்தால் நடுக்குருத்து காய்ந்துவிடும். இழுத்தால் கையோடு வந்துவிடும். கதிர் வரும் பருவமாக இருந்தால் மணி பிடிக்காத வெண்கதிர் நிமிர்ந்து நிற்கும். புழு தண்டுக்குள் ஒளிந்திருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டாது. எனவே, பூச்சியைத் தாங்கும் இரகமே விவசாயிக்குச் செலவில்லாத பாதுகாப்பு.

பிலிப்பைன்ஸில் நடந்த ஆய்வு

சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1960-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கப்பட்டது. அங்கு பூச்சியியல் துறையை நடத்திய இந்திய அறிஞர் எம்.டி. பாதக்கும் அவருடைய குழுவினரும், உலகெங்கிலுமிருந்து வந்த ஆயிரக்கணக்கான நெல் இரகங்களைத் தண்டுத் துளைப்பானுக்கு எதிராகச் சோதித்தனர். தேறியவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று டி.கே.எம். 6.

இந்த நெல்லில் அந்துப்பூச்சி குறைவாகவே முட்டையிட்டது. பிழைத்த புழுக்களும் சிறுத்தே இருந்தன. காரணத்தைத் தேடியபோது, பூச்சிக்கு ஒவ்வாத ஒரு பொருள் செடியில் இருப்பது தெரியவந்தது. அது 15 கரிம அணுக்கள் கொண்ட பென்டாடெக்கனால் என்னும் ஆல்டிஹைடு எனப் பின்னர் கண்டறியப்பட்டது. இது முழுமையான எதிர்ப்பு அன்று. ஓரளவு தாங்கும் திறனே. ஆனால் தண்டுத் துளைப்பானைப் பொறுத்தவரை அதுவே அரிய பண்பு.

உயரமாக வளரும் டி.கே.எம். 6, ஒரு குட்டை வளர்ப்பு வரிசையுடன் இணைக்கப்பட்டு, 1969-இல் ஐ.ஆர். 20 வெளிவந்தது. தமிழக வயல்களிலும் வீடுகளிலும் பல ஆண்டுகள் புழங்கிய அதே ஐ.ஆர். 20 தான்.

புகையான் கற்பித்த பாடம்

புகையான் செடியின் அடித்தூரில் கூட்டமாக அமர்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி. தாக்கிய வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்தது போலக் காணப்படும். டி.கே.எம். 6 புகையானைத் தாங்காது. ஆனால் அதன் வழிவந்த சில வரிசைகள் தாங்கின. பெற்றோரிடம் வெளிப்படாத பண்பு பிள்ளையிடம் எப்படி வந்தது? எதிர்ப்பு மரபணுவும், அதை வெளிப்படவிடாமல் அடக்கும் மற்றொரு மரபணுவும் டி.கே.எம். 6-இல் சேர்ந்தே இருக்கின்றன என்று 1974-இல் விளக்கம் வெளியானது. கலப்பில் அவை பிரிந்தபோது எதிர்ப்புத் திறன் வெளிப்பட்டது.

அந்த மரபணுவுடன் 1973-இல் ஐ.ஆர். 26 வந்தது. சில ஆண்டுகளிலேயே அதைத் தின்னப் பழகிய புகையான் வகை பெருகிவிட்டது. வேறொரு எதிர்ப்பு மரபணுவைக் கொண்ட ஐ.ஆர். 36, 1976-இல் வந்தது. அதன் முன்னோர் வரிசையிலும் டி.கே.எம். 6 உண்டு. பூச்சிக்கு எதிரான வெற்றி நிலையானதன்று என்பதே இங்கு நாம் அறிய வேண்டியது. ஒரே மரபணுவை எல்லா வயல்களிலும் விதைத்தால், பூச்சிக்கு நாமே பயிற்சி கொடுக்கிறோம்.

அன்றாடப் பணி

பூச்சியியலாளரின் பணியில் பெரும்பகுதி எண்ணுவதுதான். விளக்குப்பொறியில் இரவில் விழுந்த அந்துப்பூச்சிகளைக் காலையில் எண்ண வேண்டும். வயலில் குனிந்து காய்ந்த குருத்துகளையும் வெண்கதிர்களையும் எண்ண வேண்டும். சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல், 10 விழுக்காடு காய்ந்த குருத்து, அல்லது 2 விழுக்காடு வெண்கதிர் என்ற அளவைத் தொட்ட பிறகே மருந்து பற்றி யோசிக்கலாம் என்பது தமிழ்நாட்டுப் பரிந்துரை. அத்தகைய எண்கள் இந்த எண்ணிக்கையிலிருந்தே பிறக்கின்றன.

புகையான் சோதனையில், தட்டுகளில் வளர்த்த இளநாற்றுகள் மீது பூச்சிக் குஞ்சுகளை விடுவார்கள். எளிதில் சாகும் டி.என். 1, நன்கு தாங்கும் பி.டி.பி. 33 ஆகிய இரண்டும் ஒப்பீட்டுக்காக உடன் இருக்கும். டி.என். 1 மடிந்ததும் மற்ற இரகங்களுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் இடுவார்கள். எண் குறைந்தால் தாங்கும் திறன் அதிகம். சோதனைக்குத் தேவையான பூச்சிகளை ஆண்டு முழுவதும் வளர்ப்பதும் அவர்கள் வேலையே. கொல்ல வேண்டிய பூச்சியையே பேணி வளர்ப்பது இத்துறையின் விந்தை.

அண்மைக்கால எடுத்துக்காட்டு

2020-இல் மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, தமிழகத்துக்கும் பரவியது. இதன் உருவம் வேறு மாவுப்பூச்சிகளை ஒத்திருப்பதால், சரியான இனம் எது என்பதை வகைப்பாட்டியலாளர் உறுதி செய்த பிறகே எதிரியைத் தேட முடியும். பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம், அனாகைரஸ் லோபெஸி என்னும் சிறு குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021-இல் வரவழைத்தது. நம் நாட்டு நன்மை செய்யும் உயிர்களுக்குத் தீங்கு வராது என்று தனிமைச் சோதனையில் உறுதி செய்த பின், 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் குளவிகள் விடப்பட்டன.

படிப்பும் வாய்ப்பும்

இளநிலை வேளாண்மை முடித்து, பூச்சியியலில் முதுநிலையும் முனைவர் பட்டமும் பெறுவது ஒரு வழி. விலங்கியல் படித்து வகைப்பாட்டியலுக்குச் செல்வது மற்றொரு வழி. கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளில் ஆர்வமுள்ளவர்கள் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் பொதுச் சுகாதாரப் பூச்சியியல் படிக்கலாம். வேளாண் பல்கலைக்கழகங்கள், மத்திய ஆராய்ச்சி நிறுவனங்கள், சுகாதாரத் துறை, விதை மற்றும் மருந்து நிறுவனங்கள் ஆகியவற்றில் பணி வாய்ப்புகள் உண்டு.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பகுதிகளில் தொழிற்சாலைகள் பெருகி வயல் சுருங்கி வருகிறது. பழைய இரகங்களைப் பயிரிடுவோர் குறைந்தாலும் அவற்றின் விதை அழியக் கூடாது. நாளை வரும் புதிய பூச்சிக்கு எந்தப் பழைய நெல்லில் விடை இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. டி.கே.எம். 6 வெளியான 1952-இல், தனக்குள் அடங்கியிருந்த புகையான் எதிர்ப்பு மரபணுவை அது யாருக்கும் காட்டவில்லை. 22 ஆண்டுகள் கழித்தே அது தெரியவந்தது.