பக்கத்து ஊரில் வெயில், இங்கே இடி மழை... சொர்ணவாரி நெல்லோடு விளையாடும் வெப்பச்சலனம்!

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் உத்திரமேரூர் வட்டாரத்தில் சொர்ணவாரி அறுவடை நடக்கும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகித ஈரப்பதம்தான் வரம்பு. அதனால் களத்திலும் சாலையோரத்திலும் நெல்லைக் கொட்டிக் காயவைக்கிறார்கள். மதியம்வரை வெயில் சுட்டெரிக்கும். சாயங்காலம் தார்ப்பாயை எடுத்து வருவதற்குள் மழை கொட்டிவிடும். பக்கத்து ஊரிலோ ஒரு தூறல்கூட இருக்காது!

இதைத்தான் வானிலை அறிக்கையில் 'வெப்பச்சலனம்' என்கிறார்கள். 'வெயில் ஏறினால் மழை வரும்' என்று ஊரில் சொல்வது பாதிதான் சரி. அனல் கொளுத்திவிட்டு, ஒரு சொட்டுகூட விழாத நாள்களும் உண்டே!

சூடான தரையைத் தொட்ட காற்று லேசாகி மேலே கிளம்புகிறது. ஏற ஏற, கிலோமீட்டருக்கு சுமார் 10 டிகிரி குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும்வரைதான் அது ஏறும். வழியில் வெதுவெதுப்பான காற்றடுக்கு ஒன்று இருந்தால், பானைக்கு மூடி போட்டதுபோல அங்கேயே நின்றுவிடும். வளிமண்டலம் 'நிலையாக' இருக்கிறது என்பது இதைத்தான். கீழே நமக்குப் புழுக்கம் மட்டுமே மிச்சம்.

மூடியைத் தாண்டிவிட்டால் கதையே வேறு. நீராவி மேகத் துளியாகும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது. அதனால் காற்று குளிரும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதன் பிறகு மேகம் தன் சூட்டிலேயே கிடுகிடுவென வளரும். 15 கிலோமீட்டர் உயரம்கூடத் தொடும்.

மூடியைத் திறப்பதில் கடற்காற்றுக்குப் பெரிய பங்கு. கல்பாக்கம் கடற்கரை இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 45 கிலோமீட்டர். அங்கிருந்து வரும் கடற்காற்று, மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்றோடு மோதும் இடத்தில் காற்று மேலே தள்ளப்படுகிறது. அந்த இடம் தினமும் மாறும். ஓர் இடிமேகத்தின் அகலமோ சில கிலோமீட்டர்தான். ஆகவே, அறிக்கையில் வரும் 'ஓரிரு இடங்களில்' என்பது மழுப்பல் இல்லை.

சென்னை மீனம்பாக்கத்தில் தினமும் காலையிலும் மாலையிலும் பலூன் பறக்கவிட்டு, மேலே உள்ள வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கிறார்கள். மூடி எவ்வளவு கெட்டி என்று அது சொல்லிவிடும். யார் களத்தில் மழை விழும் என்று சொல்லாது. அதற்கு மேகம் கிளம்பிய பிறகு ராடாரைத்தான் பார்க்க வேண்டும்.

நெல்லை மூட வெட்டவெளியில் ஓடுபவர்களுக்கு மழையைவிட மின்னல்தான் ஆபத்து. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் 'தாமினி' செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் வெட்டினால் எச்சரிக்கும். போன் கையில் இல்லையென்றாலும், மேற்கே காலிஃப்ளவர்போல மேகம் குவிவது கண்ணுக்குத் தெரியும். தார்ப்பாயை அப்போதே விரித்துவிடுவது நல்லது. இடி காதில் விழுந்துவிட்டால், மின்னல் தாக்கும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். நெல் நனைந்தால் நனையட்டும், கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.