நகைகளைப் பேணும் முறை

நம்மவர் இல்லங்களிலே நகை என்பது வெறும் அலங்காரப் பொருள் அன்று. பெண்ணுக்குச் சீதனமாகவும், பிள்ளையின் மேற்படிப்புக்காக அடைவு வைக்கும் முதலாகவும், ஆபத்துக் காலத்தில் மடியிற் கட்டிக்கொண்டு புறப்படக்கூடிய செல்வமாகவும் அது விளங்கி வந்திருக்கின்றது. வீட்டையும் வளவையும் தூக்கிச் செல்ல இயலாது. தாலிக்கொடியையும் காப்பையும் கொண்டு செல்லலாம். இதனை எமது தலைமுறையினர் ஏட்டிற் படித்து அறிந்தவர் அல்லர், பட்டு அறிந்தவர்.

இத்துணைப் பெறுமதியுள்ள பொருளைத் திருடர் கொள்ளாவண்ணம் காப்பதில் நாம் யாவரும் விழிப்பாகவே இருக்கின்றோம். ஆனால், நம் கையாலேயே அது கெடாவண்ணம் காக்கும் முறையை அறிந்திருக்கின்றோமா? பெட்டியிலே கிடந்து கெட்ட நகைகள் சில. துலக்கப் புகுந்து கெடுத்த நகைகளோ பல. இதற்குச் சான்று தேடி அயலார் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. எமது வீட்டில் நிகழ்ந்ததையே கூறுவோம்.

புளியில் ஊறிய அட்டியல்

எமது அன்னையாரிடம், அவருடைய தாயார் கொடுத்த அட்டியல் ஒன்று உண்டு. சிவப்புக் கற்கள் பதித்துக் கீழே சிறு முத்துக்களைத் தொங்கவிட்டது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்ட அந்த இரவிலே, அன்னையார் இவ்வட்டியலைப் பொலித்தீன் உறையிலிட்டு மடியில் முடிந்துகொண்டு, நாவற்குழிப் பாலத்தை மழையிலே கடந்தார். நாம் அப்பொழுது பாடசாலை மாணவர். பின்னர் வீடுகள் பல மாறினோம். அட்டியலும் இருமுறை அடைவுக்குப் போய் மீண்டது. ஆயினும் அதன் ஒளி குன்றவில்லை.

பல ஆண்டுகளின் பின்னர் எமது தங்கையாரின் திருமணம் வந்தது. மணப்பெண்ணுக்கு அணிவிப்பதற்காக அட்டியலை எடுத்தபோது, அதில் அழுக்குப் படிந்திருக்கக் கண்டு, துலக்கும் பணியை நாமே ஏற்றுக்கொண்டோம். குத்துவிளக்கைத் துலக்கும் புளி பொன்னையும் துலக்குமன்றோ என எண்ணி, பழப்புளியைச் சுடுநீரிற் கரைத்து, அட்டியலை ஒரு மணி நேரம் அதில் ஊறவிட்டுப் பற்தூரிகையாலே தேய்த்தோம். பொன் பளிச்சிட்டது உண்மையே. ஆனால் முத்துக்கள் வெண்கட்டி போல வெளிறி மங்கிவிட்டன. மறுநாட் காலையில் கற்கள் சில கறுத்துத் தோன்றின. ஒரு கல் கழன்று கையிலே வந்தது.

வெட்கத்துடன் ஒன்றைக் கூறவேண்டும். அமிலம் காபனேற்றைத் தாக்கும் என்பதை ஆண்டுதோறும் கற்பிக்கும் ஆசிரியர் நாம். சுண்ணாம்புக் கல்லின்மேல் அமிலத்தை விட்டு, நுரை எழுவதை மாணவருக்குக் காட்டி வருபவர். முத்தும் அதே கல்சியங்காபனேற்றினால் ஆயது என்பது அவ்வேளையில் எமது நினைவுக்கு வரவில்லை. படிப்பு வகுப்பறையிலேயே நின்றுவிட்டது. அடுக்களை வரை வரவில்லை.

அன்னையார் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “நாவற்குழிப் பாலத்து மழைக்குள்ளையும் நனையவிடாமல் கொண்டுவந்தனான், தம்பி” என்று மாத்திரம் கூறினார்.

கன்னாதிட்டியிலே முதிய பத்தர் ஒருவரிடம் அட்டியலைக் கொண்டு சென்றோம். அவர் அதைப் புரட்டிப் பார்த்து, “மாஸ்டர், புளி பொன்னுக்குப் பரவாயில்லை, முத்துக்கு அது நஞ்சு. கல்லுக்குப் பின்னாலை தகடும் அரக்கும் இருக்கு. அதுக்குள்ளை சுடுதண்ணி போகப்படாது” என்றார். அன்று அவரிடம் கேட்டறிந்தவற்றையும், பின்னர் நூல்களிற் கண்டு தெளிந்தவற்றையும் வாசகர்களுக்குப் பயன்படும் வண்ணம் இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

பொன்னின் இயல்பு

தூய பொன் 24 கரட் எனப்படும். அது மிகவும் மென்மையானது. நாள்தோறும் அணியும் ஆபரணத்துக்கு ஏற்றதன்று. நம்மவர் விரும்பும் 22 கரட் நகையில், 24 பங்கில் 22 பங்கு பொன். எஞ்சிய 2 பங்கு செம்பு, வெள்ளி முதலிய உலோகங்கள். அஃதாவது நூற்றுக்கு 91.6 பங்கு பொன். நகைகளிலே காணப்படும் 916 என்ற முத்திரை இதனையே குறிக்கின்றது. பொன் தானாகக் கறுப்பதில்லை. அதனோடு கலந்த செம்பும் வெள்ளியும் வியர்வையாலும் காற்றாலும் நிறம் மாறுவதாலும், எண்ணெயும் சந்தனமும் முகப்பூச்சும் தூசியும் இடுக்குகளிற் படிவதாலுமே நகை மங்குகின்றது. ஆதலாற் பொன்னுக்கு வேண்டியது கழுவுதலே. உரஞ்சித் தேய்த்தல் அன்று.

மோஸ் என்னும் ஜேர்மானிய அறிஞர், கனிப்பொருள்களின் வன்மையை 1 முதல் 10 வரை வகுத்தார். வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, மணலிலும் தூசியிலும் உள்ள படிகக்கல் 7. பொன்னும் முத்தும் 3ஐ ஒட்டியே நிற்கின்றன. தூசி படிந்த நகையை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்ப்பினும், சாம்பல், மணல், பற்பசை என்பவற்றால் விளக்கினும், பொன்னின்மேற் கண்ணுக்குப் புலப்படாத கீறல்கள் விழுகின்றன. பளபளப்பு நாளடைவிற் குறைவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கழுவும் முறை

கல்லும் முத்தும் அரக்கும் இல்லாத சங்கிலி, காப்பு, மோதிரம் என்பவற்றை வீட்டிலே அச்சமின்றிக் கழுவலாம். ஒரு கோப்பையில் இளஞ்சூட்டு நீரை எடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்திற் சில துளிகளை விட்டு, நகையைப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் ஊறவிடுக. பின்னர் மிக மென்மையான தூரிகையால் இடுக்குகளை மெல்ல வருடி, வேறொரு கோப்பையிலுள்ள தூய நீரில் அலசி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி, நன்றாக உலரவிடுக.

இங்கே யாழ்ப்பாணத்தவர் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. நம் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடாக ஊறி வருவதாதலின் வன்னீராகும். அதிற் சவர்க்காரம் நன்றாக நுரைக்காது. வெண்படலமாக நகையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆதலாற் சவர்க்காரக் கட்டியை விடுத்து மேற்கூறிய திரவத்தைப் பயன்படுத்துதலும், இறுதியாக அலசுவதற்கு மழைநீர் அல்லது கொதிக்கவைத்து ஆறித் தெளிந்த நீரைக் கொள்ளுதலும் நன்று.

கிணற்றடியிலோ, தண்ணீர் ஓடும் குழாயின் கீழோ நகை கழுவுதல் ஒருபோதும் ஆகாது. கழன்ற தோட்டுச் சுரையும் மூக்குத்தியும் வாய்க்காலோடு போனபின் வருந்திப் பயனில்லை. உட்கூடான காப்புகளையும் மணிகளையும் ஊறவிடலாகாது. அவற்றுட் பலவற்றின் உள்ளே அரக்கு நிரப்பப்பட்டிருக்கும். சூடு பட்டால் அது இளகும்.

கல் பதித்த நகைகள்

முதலில் நகையைப் புரட்டிப் பின்புறத்தைப் பார்த்தல் வேண்டும். பின்புறம் திறந்திருந்து, கல்லினூடாக ஒளி தெரியுமாயின், வைரம், நீலம், மாணிக்கம் என்பவற்றை மேற்கூறியவாறு கழுவலாம். இரத்தினபுரியின் நீலமும் மாணிக்கமும் சவர்க்கார நீருக்கு அஞ்சுவன அல்ல. வைரம் எண்ணெய்ப் பசையை எளிதில் ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. கழுவியவுடன் புத்தொளி பெறும். மரகதமோ அத்தகையதன்று. அதன் உள்ளே நுண்ணிய வெடிப்புகள் இயல்பாகவே உண்டு. அவை தோன்றாதிருத்தற்பொருட்டு எண்ணெய் ஊட்டுவது வழக்கம். சுடுநீரும் நெடுநேர ஊறலும் அவ்வெண்ணெயைப் போக்கிவிடும். ஆதலால் மரகதத்தை ஈரத்துணியால் துடைத்தலே போதும்.

பின்புறம் மூடியிருக்கும் பழைய அட்டியல், பதக்கம், கற்தோடு என்பவற்றில் நீர் படலாகாது. கல்லின் கீழே வைத்த மெல்லிய தகடே அதற்கு ஒளி கொடுப்பது. நீர் உட்புகுந்தால் தகடு கறுத்துவிடும்; கல்லும் உயிரற்றதாய்த் தோன்றும். எமது அட்டியலுக்கு நேர்ந்தது இதுவே. இவற்றை உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டி, மென்துணியால் துடைத்து வைப்பதே முறை.

முத்தும் பவளமும்

இவ்விரண்டும் கடல் உயிர்களால் ஆக்கப்படுவன. இரண்டும் கல்சியங்காபனேற்றால் ஆயவை. புளி, தேசிக்காய், வினாகிரி ஆகிய மூன்றும் இவற்றின் பகைகள். வியர்வையும் வாசனைத் தைலமும்கூட இவற்றை மெல்ல மெல்ல அரிக்கும். ஆகவே முகப்பூச்சு, தைலம் யாவும் முடிந்தபின் இறுதியாக முத்தை அணிக. வீடு திரும்பியதும் முதலாவதாகக் கழற்றுக. கழற்றியதும் சிறிது நனைத்துப் பிழிந்த மென்துணியால் துடைத்து, உலர்ந்தபின் வைத்திடுக. முத்துமாலையைத் தொங்கவிட்டால் நூல் தளரும். படுக்கையாகவே வைத்தல் வேண்டும். அடிக்கடி அணியும் மாலையை ஆண்டுக்கொரு முறை புதிய பட்டு நூலிற் கோக்கச் செய்தல் நலம். ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சு இட்டால் முத்துக்கள் ஒன்றோடொன்று உரசா; நூல் அறுந்தாலும் யாவும் சிதறிப் போகா.

வெள்ளி

கொலுசும் அரைஞாணும் கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளினால். அவை வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைட்டு என்னும் கரும்படலமாகின்றன. இதனைப் போக்க எளிய முறை ஒன்று உண்டு. ஒரு பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் வெள்ளியைத் தொடும்படி வைத்து, ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைத் தூவிச் சுடுநீர் ஊற்றுக. சில நிமிடங்களிற் கருமை நீங்கும். கந்தகம் அலுமினியத்துக்கு மாற, வெள்ளி வெள்ளியாகவே மீளும், தேய்வு இல்லை. கல் பதித்த வெள்ளிக்கும், அழகுக்காகவே கருமையூட்டிய வெள்ளிக்கும் இம்முறை பொருந்தாது.

அஞ்சவேண்டிய மூன்று

முதலாவது குளோரீன். துணி வெளுக்கும் திரவமும் கிணற்றிலிடும் வெளிற்றும் தூளும் நகைப் பொன்னிற் கலந்த உலோகங்களைத் தாக்கிப் பற்றவைத்த இடங்களை நலிவடையச் செய்யும். அவற்றைக் கையாளுமுன் மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிடுக.

இரண்டாவது இரசம். பழைய உடல்வெப்பமானி உடைந்து சிதறும் இரசம் பொன்னிற் பட்டால் உடனே பற்றிக்கொள்ளும், பொன் வெண்ணிறமாகும். அதனைப் போக்குவதற்கு வீட்டிலே நெருப்பிற் காட்டலாகாது. இரசத்தின் ஆவி நஞ்சு. பத்தரிடம் கொண்டு சென்று நடந்ததை உள்ளபடி கூறுதல் வேண்டும்.

மூன்றாவது, வீடு தேடி வந்து நகை துலக்கித் தருவோர். எமது அயலில் ஒரு வீட்டிலே இத்தகைய ஒருவர் வந்து, சங்கிலியை ஏதோ ஒரு திரவத்தில் அமிழ்த்திப் புதிதுபோல் மின்னச் செய்து, சிறு தொகையே கூலியாகப் பெற்றுச் சென்றார். திரவத்தையும் மறவாது எடுத்துச் சென்றார். நைத்திரிக் அமிலமும் ஐதரோகுளோரிக் அமிலமும் கலந்த அரசநீர் பொன்னைக் கரைக்கவல்லது என்பதை மாணவர் அறிவர். சில மாதங்களின் பின் அச்சங்கிலியை அடைவுக்குக் கொண்டு சென்றபோது, நிறை அரைப் பவுண் அளவு, ஏறக்குறைய 4 கிராம், குறைந்திருந்தது. பழைய அடைவுச் சீட்டில் முன்னைய நிறை எழுதப்பட்டிருந்தமையாலேயே இக்குறைவு தெரியவந்தது. சீட்டு இல்லையேல் இழப்பும் தெரிந்திராது.

வைக்கும் முறையும் எழுதும் முறையும்

எல்லா நகைகளையும் ஒரே பெட்டியிற் குவித்து வைத்தல் கூடாது. வைரம் பொன்னைக் கீறும். சங்கிலி சங்கிலியோடு சிக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே மென்துணியிலோ சிறு பையிலோ இட்டு, சங்கிலிகளைக் கொளுக்கி மாட்டி வைத்திடுக. வெள்ளியைக் காற்றுப் புகாத உறையிலே பொன்னிலிருந்து வேறாக வைக்கலாம். முத்தையோ அவ்வாறு அடைத்தல் ஆகாது. மிக உலர்ந்த இடத்தில் அது வெடிக்கும். வங்கிப் பெட்டகத்தில் வைத்திருப்போர் ஆண்டுக்கு இருமுறையேனும் எடுத்துப் பார்த்தல் வேண்டும். அணியுமுன் கொளுக்கியையும், கற்களைப் பற்றி நிற்கும் முனைகளையும் பார்த்துக்கொள்க. காதருகே தோட்டை மெல்ல அசைத்தாற் கல் ஆடும் ஒலி கேட்கும்.

யாவற்றிலும் முக்கியமானது ஒரு குறிப்புப் புத்தகம். நகையின் பெயர், நிறை, கரட், யார் கொடுத்தது, எக்காலத்தது, எவ்வாறு துலக்குவது என்பவற்றை எழுதி, ஒளிப்படமும் எடுத்து, ஒரு பிரதியை நகை இருக்கும் இடத்தின் வேறான ஓரிடத்தில் வைத்திடுக. இடம்பெயர்ந்த காலத்திலே எம்மவர் பலர் இழந்தவற்றுள் நகையோடு நகையின் வரலாறும் ஒன்று.

எமது அட்டியலின் கற்களைப் பத்தர் புதுத் தகடு வைத்துப் பதித்துத் தந்தார். முத்துக்களையும் மாற்றிவிடலாம் என்றார். அன்னையார் இசையவில்லை, தம் தாயாரின் கழுத்திற் கிடந்த முத்துக்களே போதும் என்றுவிட்டார். அது இனி எமது மகளுக்கு உரியது. அவளுக்கென எழுதிய புத்தகத்தின் முதற் பக்கத்தில் இவ்வாறு குறித்துள்ளோம்: “அட்டியல். பாட்டியின் தாயார் கொடுத்தது. முத்து மங்கியது அப்பாவின் பிழை. நீர் படலாகாது, துணியால் மட்டும் துடைக்கவும்.”