வகுப்பறைக்குப் போகும் கைக்காசு

என் அக்கா வீட்டு அலமாரியில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. தைப்பூச விடுமுறைக்குப் போயிருந்தபோது என் மகன் ஆசையோடு அதைத் திறந்து பார்த்து ஏமாந்து போனான். உள்ளே முழுக்க ரசீதுகள். மளிகை ரசீதோ மின்கட்டண ரசீதோ இல்லை. எல்லாம் தாள், பசை, மை, வண்ண அட்டை வாங்கியவை.

அக்கா தெலுக் இந்தான் பக்கம் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு ஆசிரியை. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் பள்ளி. மொத்த மாணவர்கள் எழுபது பேர்கூட இல்லை. “எதுக்குக்கா இதையெல்லாம் சேத்து வெச்சிருக்க, பள்ளிக்கூடத்துல கிளேய்ம் பண்ணவா?” என்று கேட்டேன். சிரித்தார். “கிளேய்ம் பண்றதுக்கு இல்லடா. மாச கடைசியில காசு எங்க போச்சுன்னு உன் மாமா கேட்டா காட்டறதுக்கு.”

மேலே கிடந்த சில ரசீதுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். பள்ளி திறந்த வாரத்தில் வாங்கியவை. ஏ4 தாள் இரண்டு கட்டு 28 வெள்ளி. லேமினேட் உறை நூறு, 24 வெள்ளி. அச்சுப்பொறிக்குக் கறுப்பு மை ஒரு போத்தல் 33 வெள்ளி. பென்சில் இரண்டு டஜன் 9 வெள்ளி 60 காசு. பசைக்குச்சி ஆறு, 13 வெள்ளி 20 காசு. மணிலா அட்டை 8 வெள்ளி. ஒட்டுப்பட்டை 7 வெள்ளி 80 காசு. ஆக மொத்தம் 123 வெள்ளி 60 காசு. ஒரே வாரத்தில்.

எல்லா வாரமும் இப்படி இருக்காது என்று அக்கா உடனே சொன்னார். முதல் வாரம்தான் கடுமை. பிறகு வாரம் பத்து, பதினைந்து என்று போகும். சோதனைக் காலத்திலும் விளையாட்டுப் போட்டி, ஆசிரியர் தின நேரத்திலும் மறுபடி ஏறும். டின்னில் இருந்த ஓராண்டு ரசீதுகளை நான் பிடிவாதமாக உட்கார்ந்து கூட்டியபோது ஆயிரம் வெள்ளியைத் தாண்டியது. பாதி ரசீதுகளில் எழுத்து மங்கிப் போயிருந்தது. அவற்றைச் சேர்க்கவில்லை.

ஆசிரியர்கள் கைக்காசு போடுவது தமிழ்ப்பள்ளிக்கு மட்டும் உரிய கதையல்ல. தேசியப் பள்ளி ஆசிரியரைக் கேட்டாலும் இதே கதைதான். அமெரிக்காவில் இது எவ்வளவு சாதாரணம் என்றால், 2002 முதல் வருமான வரிச் சட்டத்திலேயே இதற்கு ஓர் இடம் கொடுத்துவிட்டார்கள். வகுப்பறைக்காகச் சொந்தமாகச் செலவழித்த தொகையில் 250 டாலர் வரை ஆசிரியர் தம் வருமானத்தில் கழித்துக் காட்டலாம். 2022ஆம் ஆண்டில் அது 300 டாலராக உயர்ந்தது. செலவழித்த பணம் திரும்பி வராது, வரி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நம் ஊரில் வாழ்க்கைமுறை வரி விலக்கு 2,500 வெள்ளி வரை இருக்கிறது. புத்தகம், கணினி, கைப்பேசி, இணையக் கட்டணம் இவற்றைக் காட்டலாம். அதுவும் நமக்கும் நம் குடும்பத்துக்கும் வாங்கியது. ஊரார் பிள்ளைக்கு வாங்கிய பசைக்குச்சிக்கு அந்தப் பாரத்தில் கட்டம் இல்லை.

ஆனால் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இதில் ஒரு தனிச் சுமை இருக்கிறது. அக்கா சொல்லித்தான் எனக்கே புரிந்தது.

எந்தப் புத்தகக் கடைக்கும் போங்கள். ஆங்கில எழுத்து அட்டை வேண்டுமா, பத்து வகை தொங்கும். மலாய் அசை அட்டை, சொல் அட்டை, படம் போட்ட சுவரொட்டி எல்லாம் உண்டு. தமிழில் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ தமிழ்ப் புத்தகக் கடையில் தேடினால் கிடைக்கலாம். கிடைப்பதும் பாடத்திட்டத்தின் வரிசைக்கு ஒத்து வராது. சந்தை சிறியது; செய்து விற்பவர்கள் குறைவு. ஆகவே மற்ற மொழி ஆசிரியர் கடையில் வாங்குவதைத் தமிழாசிரியர் வீட்டில் செய்கிறார்.

தமிழுக்கு 247 எழுத்துகள். ஒரு தாளில் எட்டு அட்டை வெட்டினால் முழு வரிசைக்கு 31 தாள் வேண்டும். வண்ணத்தில் அச்சடிக்க வேண்டும், லேமினேட் செய்ய வேண்டும், ஓரத்தை வெட்டி மூலையை வளைத்துக் கத்தரிக்க வேண்டும். “லேமினேட் பண்ணாம அப்படியே கொடுத்தா என்ன?” என்று கேட்டேன். அக்கா ஒரு பழைய அட்டையை எடுத்துக் காட்டினார். ஏழு வயதுப் பிள்ளைகளின் வியர்வைக் கை பட்டுப் பட்டு மேலே இருந்த புள்ளி அழிந்திருந்தது. ‘க்’ என்று இருந்தது ‘க’ ஆகிவிட்டது. “இத வெச்சுக்கிட்டு மெய்யெழுத்து எப்படிடா சொல்லிக் கொடுக்கறது?”

இந்த விஷயத்தில் நம் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவியைச் சொல்லாமல் இருக்க முடியாது. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து செய்த பயிற்சித்தாளை மறுநாள் எங்கோ ஜொகூரில் இருக்கும் ஆசிரியர் இலவசமாக இறக்கிக்கொள்கிறார். காசு கேட்பதில்லை. ஆனால் அது கைப்பேசியில் வந்து இறங்கும்வரைதான் இலவசம். பிள்ளையின் மேசைக்குப் போக வேண்டுமானால் தாளும் மையும் வேண்டும்.

“அரசாங்கம் பள்ளிக்குப் பணம் கொடுக்கிறதே, அது எங்கே போகிறது?” என்று படிக்கும் பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொடுக்கிறது. பாடநூல்கள் 2008 முதல் எல்லா மாணவர்களுக்கும் இரவலாகக் கிடைக்கின்றன. பள்ளி தொடக்க உதவியாக 150 வெள்ளி 2023லிருந்து வருமானம் பாராமல் கொடுக்கப்படுகிறது. அது பெற்றோர் கைக்குப் போகும் பணம்; காலணிக்கும் சீருடைக்கும் சரியாகப் போய்விடும். வகுப்பறைக்கு என்று வருவது, மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பாடவாரியாகப் பள்ளிக்கு வரும் மானியம். பாடக்குழு கூடித் திட்டம் போட வேண்டும், தலைமையாசிரியர் ஒப்புதல் தர வேண்டும், கொள்முதல் ஆணை எழுதி விநியோகிப்பாளரிடம் கொடுக்க வேண்டும், பொருள் வந்து சேர வேண்டும், அதன்பிறகு பணம் போகும். பொதுப்பணம் என்பதால் இந்தக் கட்டுப்பாடு தேவைதான். குறை சொல்ல மாட்டேன். ஐந்து பெட்டி தாள், ஒரு புரொஜெக்டர் விளக்கு என்று வாங்குவதற்கு அது ஒழுங்கான வழி.

ஆனால் வகுப்பறையின் தேவை அப்படித் திட்டம் போட்டு வருவதில்லை. செவ்வாய்க்கிழமை பாடம் நடத்தும்போதுதான் நான்கு பிள்ளைகளுக்கு ‘ண, ன, ந’ வேறுபாடு பிடிபடவில்லை என்று தெரிகிறது. புதன்கிழமை அவர்களுக்கு வேறு மாதிரி ஒரு விளையாட்டு வேண்டும். செவ்வாய் இரவு எட்டரை மணிக்கு ஆசிரியை எந்தக் குழுவைக் கூட்டி, யாரிடம் ஆணை வாங்குவார்? ஆறு வெள்ளிக்கு மூன்று கையொப்பம் தேடுவதைவிடக் கைப்பையைத் திறப்பது சுலபம். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பணம் கேட்பது முறைக்கு மாறு என்பதால், அந்த ஆறு வெள்ளி அப்படியே போய்விடும். இப்படிப் பல ஆறு வெள்ளிகள்தான் அந்த டின்னில் கிடக்கின்றன.

சிறிய பள்ளிக்கு இன்னும் சிரமம். நம் நாட்டில் இருக்கும் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. தலைக்கு இவ்வளவு என்று வரும் பணம் தலை குறைந்தால் குறையத்தானே செய்யும்? ஆனால் சுவர்ப் படம் ஒன்று என்றால் ஒன்றுதான். அதைப் பார்க்கும் பிள்ளைகள் ஒன்பது பேராக இருந்தாலும் முப்பது பேராக இருந்தாலும் விலை ஒன்றே. ஒன்பது பேர் இருக்கும் வகுப்புக்கும் 247 எழுத்து அட்டைதான்.

யூபிஎஸ்ஆர் 2021இல் எடுக்கப்பட்ட பிறகு இந்தச் செலவு குறையவில்லை, கூடியிருக்கிறது என்பது அக்காவின் கணக்கு. வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு பிள்ளையும் ஆறு அடைவு நிலைகளில் எங்கே நிற்கிறது என்று ஆசிரியர் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். நல்ல முறைதான். ஆனால் எல்லாருக்கும் ஒரே தாளை நகலெடுத்துக் கொடுத்த காலம் போய்விட்டது. பின்தங்கிய பிள்ளைக்கு ஒரு தாள், நடுவில் நிற்பவனுக்கு ஒன்று, முந்திப் போகிறவளுக்கு ஒன்று. பள்ளியில் நகலெடுக்கும் இயந்திரம் இருக்கிறதே என்றால், அதற்கும் மாதத்துக்கு இவ்வளவு தாள் என்று அளவு வைத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் அந்த இயந்திரத்தின் முன்னால் ஆசிரியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்களாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அக்காவுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. இந்தச் செலவில் ஒரு பகுதி தேவையில்லாதது. வகுப்பறை அழகுப் போட்டி என்று ஒன்று வைக்கிறார்கள். திரைச்சீலை, மேசை விரிப்பு, செயற்கைப் பூ, பிறந்தநாள் அட்டவணை, வாசலில் வளைவு. அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் ஒரு வாரம் வகுப்பறை கல்யாண மண்டபம் ஆகிவிடுகிறது. பக்கத்து வகுப்பு ஆசிரியை செய்துவிட்டாரே என்று இவரும் செய்கிறார். இன்ஸ்டாகிராமில் எவரோ போட்ட படத்தைப் பார்த்து மூன்றாமவர் செய்கிறார். மேசை விரிப்பால் எந்தப் பிள்ளையும் வாசிக்கக் கற்றுக்கொண்டதில்லை. நான் இதைச் சொன்னபோது அக்கா மறுக்கவில்லை. “செய்யலன்னா அக்கறை இல்லாத டீச்சர்னு பேர் வரும்டா” என்றார். அந்தப் பயத்துக்கும் அவர் சம்பளத்திலிருந்துதான் போகிறது.

நம் சமூகம் பள்ளிக்குக் கொடுக்காத சமூகம் அல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளிகளைப் பள்ளி வைக்கச் சொன்ன காலத்திலிருந்து, தோட்டத்து மக்கள் தங்கள் பள்ளியைத் தாங்கித்தான் வந்திருக்கிறார்கள். இன்றும் மண்டபம் கட்ட, கணினி அறை திறக்க, கூரை மாற்ற என்று நன்கொடை வருகிறது. பெரிய மாதிரிக் காசோலையை நான்கு பேர் பிடித்துக்கொண்டு நிற்கும் படங்களை நம் பத்திரிகைகளில் வாரம் தவறாமல் பார்க்கிறோம். ஆனால் “லேமினேட் உறை, 24 வெள்ளி” என்று எழுதிய காசோலையை யாரும் பிடித்து நின்றதில்லை. கணினி அறை திறந்த பிறகு அதன் அச்சுப்பொறிக்கு மை யார் ஊற்றுவது என்பதும் விழாவில் பேசப்படுவதில்லை.

“தியாகம்” என்ற சொல் எனக்கு இந்த இடத்தில் உறுத்துகிறது. மே 16 வந்தால் மேடையில் இந்தச் சொல்லைக் கேட்கலாம். மெழுகுவர்த்தி, ஏணி, தோணி எல்லாம் வரும். தியாகம் என்று சொல்லிவிட்டால் பிறகு கணக்குக் கேட்க முடியாது. கொடுத்தவரும் வாய் திறக்க முடியாது. கொத்தனாரைத் தம் காசில் சிமெண்டு வாங்கி வரச் சொல்லி, பிறகு அவர் தியாகத்தைப் பாராட்ட நமக்குத் தோன்றுமா? வேலைக்கு வேண்டிய பொருள் என்றுதானே அதைப் பார்ப்போம்?

அக்காவுக்குக் கடந்த ஆசிரியர் தினத்தில் கிடைத்த பரிசுகளையும் பார்த்தேன். காப்பிக் குவளைகள், பேனாக்கள், ஒரு சின்ன பிளாஸ்டிக் ரோஜா. குவளைகள் மட்டும் அடுக்களையில் இரண்டு தட்டு நிறைய நிற்கின்றன. பிள்ளைகள் ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது.

இவ்வாண்டு பெற்றோர் கூட்டத்தில் ஒரு சிறிய விஷயம் நடந்தது. லோரி ஓட்டும் ஓர் அப்பா, கூட்டம் முடிந்து எல்லாரும் மீகூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவிடம் வந்து, “டீச்சர், கிளாசுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்குச் சட்டென்று பதில் வரவில்லையாம். பதினோரு வருட வேலையில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. “ஒண்ணும் வேணாம், பையன வீட்டுல கொஞ்சம் வாசிக்க விடுங்க, அது போதும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து இரவெல்லாம் யோசித்திருக்கிறார். மறுநாள் தலைமையாசிரியரிடம் பேசினார். அவர், வகுப்பாசிரியர்கள் தனித்தனியாகப் பெற்றோரிடம் கேட்பது சரியல்ல, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகப் போகட்டும் என்றார். அதுவும் சரிதான்.

சங்கச் செயலாளர் எளிய வழி ஒன்று சொன்னார். வகுப்புக்கு ஒரு பெட்டி. அதில் என்ன குறைகிறது என்று ஆசிரியர் ஒரு தாளில் எழுதி ஒட்டுவார். விருப்பமும் வசதியும் உள்ளவர்கள் பொருளாகவே கொண்டு வந்து போடலாம். காசாக வாங்குவதில்லை, யார் கொடுத்தார் என்று பெயர் எழுதுவதில்லை. கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை கூனிக் குறுகக் கூடாது என்பதற்காக.

அக்காவின் முதல் பட்டியலில் ஆறு பொருள்கள் இருந்தன. தாள், கறுப்பு மை, பென்சில், பசைக்குச்சி, லேமினேட் உறை, அழிப்பான். ஒட்டுப்பட்டையை எழுதிவிட்டு அடித்திருந்தார். “அது நானே வாங்கிக்கலாம், சின்னதுதானே” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை, பள்ளி வாசலில் லோரி வந்து நின்றது. மகனை இறக்கிவிட்ட அப்பா, பின்னாலிருந்து இரண்டு கட்டு தாளை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனார். வேறு இரண்டு வீடுகளிலிருந்து பென்சிலும் அழிப்பானும் வந்தன. மை வரவில்லை. போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது டின்னைத் திறந்து பார்த்தேன். அந்த மாத ரசீதுகளில் தாள் இல்லை. மை, 33 வெள்ளி. ஒட்டுப்பட்டை, 7 வெள்ளி 80 காசு.