ஜி.எஸ்.டி. சாலையின் ஆலயங்கள் – 9: ஆயரை அமர்த்துவது யார்?

வண்டலூரில் ஒரே தெருவில் குடியிருக்கும் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கும் ஒரு சி.எஸ்.ஐ. குடும்பத்துக்கும் திருச்சபைத் தலைவர் வேறு, தலைமை ஆலயம் வேறு. கத்தோலிக்கருக்குச் செங்கல்பட்டு ஆயர். சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து 2002-ல் பிரிக்கப்பட்டது அந்த மறைமாவட்டம். பரங்கிமலையும் இன்று அதற்குள்தான் வருகிறது. சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையினருக்குச் சென்னைப் பேராயர். கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயம் அவருடைய இருப்பிடம். பதவிப் பெயர்களைக் கவனித்து வாசிக்க வேண்டும். கத்தோலிக்கரிடம் மறைமாவட்டத் தலைவர் ஆயர். அதே நிலையில் இருப்பவர் சி.எஸ்.ஐ.யில் பேராயர், அங்கே ஆயர் என்றால் சபையை நடத்தும் போதகர்.

இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி 1534-ல் ரோமோடு உறவை அறுத்து ஆங்கிலிக்கச் சபை பிறந்த கதை சென்ற இதழோடு முடிந்தது. இந்த வாரத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தது திருவிருந்து மேசை. மேசைக்குப் பின்னால் நிற்பவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தது யார் என்பது தெளிவாகாமல் அங்கே போக முடியாது.

இரு சபைகளும் ஆயர்களால் ஆளப்படுபவை. இரண்டிலும் முந்தைய ஆயர்கள் தலைமேல் கைவைத்து ஜெபித்தே புதியவர் பதவி ஏற்கிறார். அந்தக் கைகளின் தொடர்ச்சி திருத்தூதர்கள் வரை பின்னோக்கிப் போகிறது என்று கத்தோலிக்கரும், பின்னர் சி.எஸ்.ஐ.யில் இணைந்த ஆங்கிலிக்கரும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஆங்கிலிக்க மரபுச் சபை எபிஸ்கோப்பல் சபை என்றே அழைக்கப்படுவது இந்த ஆயர் ஆட்சியால்தான். ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் பாதை பிரிகிறது.

கத்தோலிக்க முறையில் டெல்லியிலுள்ள திருத்தந்தையின் தூதர் மறைமாவட்டத்துக் குருக்களிடமும் மற்றவர்களிடமும் இரகசியமாகக் கருத்துக் கேட்டு, பொதுவாக மூன்று பெயர்களை ரோமுக்கு அனுப்புகிறார். நியமிப்பவர் திருத்தந்தை. பொதுநிலையினருக்கு வாக்கு கிடையாது. 75 வயதானதும் ஆயர் தம் பதவி விலகல் கடிதத்தைத் திருத்தந்தையிடம் அளிக்க வேண்டும். சி.எஸ்.ஐ.யில் போதகர்களும் சபை மக்களின் பிரதிநிதிகளும் அடங்கிய பேராய மன்றம் வாக்களித்துப் பெயர்ப் பட்டியல் ஒன்றை உருவாக்குகிறது. அதிலிருந்து ஒருவரை சி.எஸ்.ஐ.யின் உயர்மட்ட மன்றமான சினாடு தேர்வு செய்கிறது. சினாட்டின் தலைவரான மாடரேட்டரும் தேர்ந்தெடுக்கப்படுபவர்தான். அவருக்குத் திருத்தந்தைக்கு உள்ள அதிகாரம் இல்லை. கத்தோலிக்க வழியில் அமைதி கிடைக்கிறது, ஆனால் சபை மக்கள் விளைவை மட்டுமே அறிகிறார்கள். சி.எஸ்.ஐ. வழியில் மக்கள் குரல் கேட்கிறது. அதோடு தேர்தலின் எல்லாச் சூடும் வருகிறது, நீதிமன்றப் படியேறிய வழக்குகள் உட்பட.

கத்தோலிக்கருக்குப் போப், ஆங்கிலிக்கருக்கு அரசர் என்று பாடப்புத்தகம் போலப் பிரித்துவிடுவது வழக்கம். பரங்கிமலையின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. மலைமேல் போர்த்துகீசியர் எழுப்பிய கத்தோலிக்க ஆலயம்; கீழே ஆங்கிலேயப் படைக்காகக் கட்டப்பட்டு இன்று சி.எஸ்.ஐ.யிடம் இருக்கும் கேரிசன் ஆலயம். மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606-ல் ஏற்பட்டது முதல் அதன் ஆயர் பதவிக்குப் பெயர் முன்மொழியும் உரிமை போர்த்துகல் அரசருடையது. பதுருவாதோ எனப்பட்ட இந்த உரிமை, போர்த்துகலில் முடியாட்சி ஒழிந்த பிறகும் தொடர்ந்தது. ரோம் நேரடியாக நடத்திய சென்னை மறைமாவட்டம் பக்கத்திலேயே தனியாக இருந்ததால், ஒரே நகரத்தில் இரண்டு கத்தோலிக்க அதிகாரங்கள் மோதிக்கொண்டன. 1950 ஜூலை ஒப்பந்தத்தில்தான் போர்த்துகல் மயிலாப்பூர் உரிமையைக் கைவிட்டது. அப்போது இந்தியா குடியரசாகி ஆறு மாதம் ஆகப்போகிறது. 1952-ல் இரு மறைமாவட்டங்களும் ஒன்றாயின.

ஆங்கிலிக்கப் பக்கத்திலும் அரசரின் கையெழுத்துத்தான். 1835-ல் சென்னையின் முதல் ஆங்கிலிக்கப் பேராயரான டேனியல் கோரியை நியமித்தது பிரிட்டிஷ் அரசு. 1927-ன் இந்தியத் திருச்சபைச் சட்டம் 1930-ல் நடைமுறைக்கு வந்தபோதுதான் இங்குள்ள ஆங்கிலிக்கருக்கு அந்தப் பிடியிலிருந்து விடுதலை. அமெரிக்கர்கள் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்துவிட்டார்கள். விடுதலைப் போர் முடிந்ததும் சாமுவேல் சீபரி ஆயர் அபிஷேகம் பெற லண்டனுக்குப் போனார். அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்காமல் இங்கிலாந்து ஆயர்களால் அவருக்கு அபிஷேகம் செய்ய முடியவில்லை. ஸ்காட்லாந்தின் எபிஸ்கோப்பல் சபைக்கு அந்தத் தடை இல்லை. 1784 நவம்பர் 14 அன்று அபர்டீனில் அந்த ஆயர்கள் அவர் தலைமேல் கைவைத்தார்கள்.

இந்தக் கைவைப்பு செல்லுமா என்பதே ரோமின் கேள்வி. 1896 செப்டம்பரில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, ஆங்கிலிக்கத் திருநிலைப்பாடுகள் முற்றிலும் செல்லாதவை என்று தீர்ப்பளித்தார். பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மாற்றிய சடங்கில் தொடர்ச்சி அறுந்துபோனது என்பது காரணம். அடுத்த மாதமே, திருநெல்வேலிக்கென அமைந்த புதிய ஆங்கிலிக்கப் பேராயத்தின் முதல் பேராயராக சாமுவேல் மார்லி அபிஷேகம் பெற்றார். ரோமின் பார்வையில் அவர் ஆயரே அல்ல. நெல்லைச் சீமையின் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அவர் ஆயர்தான். தீர்ப்பு இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை. கத்தோலிக்கத்துக்குப் போகும் ஆங்கிலிக்கக் குருவுக்கு மீண்டும் குருப்பட்டம் தரப்படுகிறது. ஆங்கிலிக்கத்துக்கு வரும் கத்தோலிக்கக் குருவுக்கு அது தேவைப்படுவதில்லை. இருந்தும் 1966-ல் திருத்தந்தை ஆறாம் பவுல், கேன்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சேயின் விரலில் தம் ஆயர் மோதிரத்தைக் கழற்றி அணிவித்தார். சட்டம் சொல்லாததை அந்தச் செயல் சொன்னது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள்.

தொடருக்காகத் திரட்டியவற்றில் இந்த வாரத்தின் பெரிய செய்தி தாம்பரத்தில்தான் இருக்கிறது. 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு சீனாவின் ஹாங்சௌ நகரில் கூடுவதாக இருந்தது. ஜப்பானியப் படையெடுப்பு அதைக் கெடுத்தது. இடம் தேடியவர்கள் கண்டுபிடித்தது, முந்தைய ஆண்டுதான் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் புதிய வளாகம். 69 நாடுகளிலிருந்து 470 பேருக்கு மேல் அங்கே வந்து இறங்கினார்கள். கல்லூரி ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன்கள் வளர்த்தது. ஆயர் பதவியே வேண்டாம் என்ற மரபு அவர்களுடையது. ஆனாலும் அதன் விடுதிகளில் ஒன்றுக்கு, 1826-ல் திருச்சியில் இறந்த ஆங்கிலிக்கப் பேராயர் ஹீபரின் பெயர். ஒற்றுமைப் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான வளாகம் அமைந்திருக்காது. அசரியா அங்கே இருந்தார். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-ல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கச் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற இடத்தைப் பெற்றவர் அவர். ஆசிய, ஆப்பிரிக்கச் சபைகளின் பிரதிநிதிகள், மேற்கிலிருந்து வந்த பிரிவினைகளைத் தாங்கள் சுமக்க விரும்பவில்லை, கண்ணால் காணும் ஒரே சபை வேண்டும் என்று அந்த மாநாட்டில் மன்றாடினார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை அந்த மாநாட்டில் பங்கேற்கவில்லை. சபை ஒற்றுமைக்கான இத்தகைய கூட்டங்களில் கத்தோலிக்கர் கலந்துகொள்ளக் கூடாது என்று பதினோராம் பயஸ் 1928-லேயே சுற்றுமடல் எழுதியிருந்தார். ஒற்றுமைக்கு ஒரே வழி ரோமுக்குத் திரும்புவது என்பது அவர் நிலை. இந்தியரை உயர்த்துவதில் ரோம் பின்தங்கிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: 1923-ல் திபூர்சியுஸ் ரோச் தூத்துக்குடியின் முதல் ஆயரானார், இக்காலத்தில் இலத்தீன் முறைக் கத்தோலிக்கரில் ஆயரான முதல் இந்தியர் அவரே.

சி.எஸ்.ஐ.க்கான பேச்சு 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கியது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரஸ்பிட்டேரியரும் காங்கிரகேஷனல் சபையாரும் ஏற்கெனவே இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியோருக்கு 28 ஆண்டுகள் பிடித்தன. தகராறு ஒன்றே: ஆயர் கைவைக்காமல் பட்டம் பெற்ற போதகர்கள் புதிய சபையில் செல்லுபடியாவார்களா? கண்ட தீர்வு துணிச்சலானது. இனி எல்லா அபிஷேகமும் பேராயர் கையால். ஏற்கெனவே போதகராக இருப்பவர் எவருக்கும் மறு அபிஷேகம் இல்லை. ஆயர் பதவியை வைத்துக்கொள்வோம், அதைப் பற்றிய ஒரே விளக்கத்தை யார்மேலும் திணிக்கமாட்டோம் என்பது இதன் சாரம். கத்தோலிக்கத்துக்கும் சி.எஸ்.ஐ.க்கும் உள்ள ஆழமான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. சொரூபத்திலும் மெழுகுவர்த்தியிலும் அதைத் தேடுபவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

1947 செப்டம்பர் 27 அன்று புனித ஜார்ஜ் பேராலயத்தில் புதிய சபை பிறந்தது. அன்று அபிஷேகம் பெற்ற ஒன்பது புதிய பேராயர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின். ஸ்காட்லாந்துச் சபையின் மிஷனரி, வயது 37. காஞ்சிபுரத்தில் பணியாற்றிய காலத்தில், இராமகிருஷ்ண மடத்தில் துறவிகளோடு தரையில் அமர்ந்து ஒரு வாரம் சுவேதாஸ்வதர உபநிடதமும் மறுவாரம் யோவான் நற்செய்தியும் வாசித்தவர் அவர். ஆயரே இல்லாத மரபில் வந்தவர் மதுரை–இராமநாதபுரத்துக்குப் பேராயரானார், 1965-ல் சென்னைக்கும்.

அசரியா அந்த நாளைக் காணவில்லை. 1945 ஜனவரி முதல் நாள் இறந்துவிட்டார். அவருடைய தோர்ணக்கல் பேராயத்தைச் சேர்ந்த நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர் பலர் இணைப்பை ஏற்க மறுத்துத் தனித்தே நின்றார்கள். லண்டனில் 1948-ல் கூடிய ஆங்கிலிக்கப் பேராயர்களின் லாம்பெத் மாநாடும் சி.எஸ்.ஐ.யை முழுமையாக அங்கீகரிக்கத் தயங்கியது. நந்தியால் 1970-களில்தான் உள்ளே வந்தது. அதே நந்தியாலுக்கு 2013 செப்டம்பரில் புஷ்பலலிதா பேராயரானார், சி.எஸ்.ஐ.யில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். பெண்களுக்குப் போதகர் அபிஷேகம் 1976 முதலே அங்கே உண்டு. கத்தோலிக்கத்தில் பெண்களுக்குக் குருப்பட்டம் இல்லை. திருச்சபைக்கே அதை வழங்கும் அதிகாரம் இல்லை என்று இரண்டாம் ஜான் பால் 1994-ல் எழுதினார். மணமான போதகர் சி.எஸ்.ஐ.யில் இயல்பு, இலத்தீன் முறைக் கத்தோலிக்கக் குருவுக்கு மணத்துறவு விதி.

போதகர் மேசைக்குப் பின்னால் மக்களை நோக்கி நிற்பதையும் சபையார் கைகோத்துச் சமாதானம் பகிர்வதையும் சி.எஸ்.ஐ. 1950-ல் சென்னையில் கூடிய சினாட்டிலேயே திருவிருந்து முறைமையில் சேர்த்துவிட்டது. கத்தோலிக்கத் திருப்பலியில் இவை பரவலானது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு. அப்பமும் இரசமும் என்னவாகின்றன என்பதில் இரு சபைகளும் கொண்டுள்ள வேறுபாட்டோடு சேர்த்துத் திருவிருந்து மேசையின் கதை அடுத்த இதழில்.