ஆறு பின்னோக்கி ஓடிய காலை

“சித்தப்பா, அந்த நீப்பா மரம் அப்பவே நமக்கு நேரா இருந்துச்சு. இன்னும் அங்கேயேதான் இருக்கு!”

படிவம் நான்கில் படிக்கும் என் அண்ணன் மகன் சொன்ன பிறகுதான் கவனித்தேன். பதினைந்து நிமிடமாக இருவரும் துடுப்புப் போடுகிறோம். கயாக் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தோள் வலிக்கிறது. பாட்டிலில் தண்ணீரும் பாதிதான் மிச்சம்.

அது கோலசிலாங்கூரில், சிலாங்கூர் ஆற்றில். வார இறுதியை ஆற்றில் கழிக்கலாம் என்று ஒரு கம்பத்தில் கயாக் வாடகைக்கு எடுத்திருந்தோம். திட்டம் எளிமையானது. கடல்நீர் ஏறும்போது அதன் போக்கிலேயே மேலே போவது. நீர் இறங்கத் தொடங்கியதும் அதன் போக்கிலேயே திரும்புவது. ஆற்று முகத்துவாரத்தில் உச்ச ஏற்றம் காலை 8.10 என்று ஓத அட்டவணை காட்டியது. 7.15க்குப் புறப்பட்டோம். சரியாக 8.10க்குக் கயாக்கைத் திருப்பினேன். ஆறு மட்டும் திரும்பவில்லை!

ஊடாங் காலா பிடிக்க வந்த பெரியவர் ஒருவர் சம்பானில் இருந்தபடியே சிரித்தார். “ஆயிர் பெலும் சூருட்!” தண்ணீர் இன்னும் இறங்கவில்லை என்றார். கரையோரக் கிளையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்.

அறிவியல் ஆசிரியரான நான் எங்கே தவறினேன்?

நிலா இழுக்கும் நீர்

கடல்மட்டம் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். நிலாவின் ஈர்ப்புவிசைதான் முதன்மைக் காரணம். சூரியனுக்கும் பங்கு உண்டு. மலாக்கா நீரிணைக் கரையில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி, இரண்டு முறை இறங்கும். பூமி சுழலும்போது நிலாவும் தன் பாதையில் நகர்ந்துவிடுவதால், ஓர் உச்ச ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அதனால்தான் ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது.

பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். அதையடுத்த ஓரிரு நாள்களில் ஏற்றமும் இறக்கமும் மிக அதிகமாக இருக்கும். நாங்கள் போனது பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள். நீரோட்டம் வலுவாக இருந்ததில் வியப்பில்லை.

பன்னிரண்டில் ஒரு பங்கு

நீர் சீரான வேகத்தில் ஏறுவதில்லை. படகோட்டிகள் இதற்கு எளிய கணக்கு ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரியுங்கள். முதல் மணியில் 1 பங்கு ஏறும். அடுத்தடுத்த மணிகளில் 2, 3, 3, 2, 1 பங்குகள்.

மொத்த ஏற்றம் 3.6 மீட்டர் என்றால், முதல் மணியில் 0.3 மீட்டர்தான். மூன்றாம், நான்காம் மணிகளிலோ ஒவ்வொன்றிலும் 0.9 மீட்டர்! நடுவில் உள்ள அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நீரோட்டம் பொதுவாக மிக வேகமாக இருக்கும். இது தோராயக் கணக்குத்தான். ஆனாலும் எப்போது ஆற்றில் இறங்கக்கூடாது என்பதை நன்றாகவே சொல்லிவிடும்.

என் தவறு

அட்டவணையில் இருந்தது முகத்துவாரத்தின் நேரம். நான் நின்றதோ ஆற்றின் உட்பகுதியில். ஓதம் என்பது மிக நீண்ட ஓர் அலை. அந்த அலை ஆற்றுக்குள் பயணம் செய்து வர நேரம் பிடிக்கும்.

ஆழம் குறைந்த நீரில் இத்தகைய அலையின் வேகத்தை நீங்களே கணக்கிடலாம். புவியீர்ப்பு முடுக்கத்தை நீரின் ஆழத்தால் பெருக்கி, வர்க்கமூலம் காணுங்கள். ஆழம் 4 மீட்டர் என வைத்துக்கொண்டால், 9.8 × 4 = 39.2. இதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 6.3. அதாவது வினாடிக்கு 6.3 மீட்டர், மணிக்குச் சுமார் 22.5 கிலோமீட்டர். பத்துக் கிலோமீட்டர் உள்ளே வர 27 நிமிடம் ஆகும். ஆற்றின் வளைவுகளும் அடிமண் உராய்வும் அதை இன்னும் தாமதப்படுத்தும்.

இன்னொன்றும் உண்டு. நாம் நிற்கும் இடத்தில் நீர்மட்டம் உச்சத்தைத் தொட்டாலும், ஓட்டம் உடனே நின்றுவிடாது. மேலே உள்ள பகுதி இன்னும் நிரம்பிக்கொண்டிருக்கும். ஓடும் நீருக்கு நிலைமமும் இருக்கிறது. ஆக, மட்டம் உச்சத்தில் நிற்கும் நேரமும் ஓட்டம் திரும்பும் நேரமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் என் தவறு.

கிளையைப் பிடித்தபடி மிதக்கும் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 9 மணிவாக்கில் ஓர் இலை அசையாமல் நின்றது. பிறகு மெல்லக் கடல் பக்கம் நகர்ந்தது. “இப்ப போலாம் சித்தப்பா!” அதன்பின் துடுப்புக்கு அதிக வேலையே இல்லை.

மின்மினியும் நம் வீட்டுக் குழாயும்

அன்று இரவு கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போனோம். துடுப்புச் சம்பான் சத்தமின்றி நகர, கரையோரப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான சிறு விளக்குகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைந்தன. டெரோப்டிக்ஸ் டெனர் என்ற இனத்தின் ஆண் பூச்சிகள் பெண் பூச்சிகளை அழைக்கும் மொழி அது.

இதற்கும் ஓதத்துக்கும் தொடர்பு உண்டு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 30 முதல் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஓதம் அதை மேலே தள்ளுகிறது. ஆற்றின் நன்னீர் அதைக் கீழே தள்ளுகிறது. இரண்டும் கலந்து உப்பு குறைவாக உள்ள பகுதியில்தான் பெரெம்பாங் செழிக்கும். மின்மினியின் புழுக்கள் அந்த ஈரக் கரையில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. மேலிருந்து வரும் நன்னீர் குறைந்தால் உப்பு இன்னும் உள்ளே ஏறும். கரையை அழித்தால் புழுக்களுக்கு இடமில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பங்கு இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நாம் வீணாக்கும் தண்ணீரில் மின்மினியின் பங்கும் இருக்கிறது.

புறப்படும் முன்

• ஓத அட்டவணையைப் பாருங்கள். பிறகு அந்த ஆற்றை அறிந்த உள்ளூர்க்காரரிடம் நேரத்தைக் கேளுங்கள். நான் அட்டவணையோடு நிறுத்திவிட்டேன்.
• முகத்துவாரத்துக்கு அருகில் நீர் இறங்கும் நேரத்தில் துடுப்புப் போடாதீர்கள். எங்களை ஆறு உள்ளேதான் தள்ளியது. இறங்கும் நீரோ கடலுக்கே இழுத்துவிடும்.
• நீந்தத் தெரிந்தாலும் உயிர்காப்பு அங்கி கட்டாயம். பெரியவர்களின் துணையின்றி இறங்க வேண்டாம்.

செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடிக் குவளையில் பாதியளவு உப்புக் கரைசல் ஊற்றி, சில துளி நிறம் சேருங்கள். அதன்மேல் ஒரு கரண்டியின் முதுகு வழியாகச் சாதாரணத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இரண்டும் தனித்தனி அடுக்காக நிற்பதைக் காண்பீர்கள். முகத்துவாரத்தில் உப்புநீர் ஏன் ஆற்றின் அடிப்பகுதி வழியே உள்ளே நுழைகிறது? உங்கள் விடையை அடர்த்தி என்ற சொல்லைப் பயன்படுத்தி இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள்.