வி.ஆர். ஹெட்செட்: பிள்ளை கேட்டால் வாங்கித் தரலாமா?

பெருநாள் காசு கையில் சேர்ந்ததும் பிள்ளைகள் கேட்கும் பொருட்களில் இப்போது வி.ஆர். ஹெட்செட்டும் ஒன்று. மாலில் பத்து நிமிடம் மாட்டிப் பார்த்த பிள்ளை, வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்கிறது. "இன்னும் ரெண்டு வருஷத்துல எல்லார் வீட்டுலயும் இருக்கும் அத்தா" என்ற வாதமும் கூடவே வருகிறது. அது நடக்கக்கூடியதுதானா என்று பார்த்துவிட்டுக் காசை எடுக்கலாம்.

ஹெட்செட் என்பது கண்களை முழுக்க மூடிக்கொள்ளும் ஒரு பெட்டி. உள்ளே இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் ஓடும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். அதனால் அந்த இடத்துக்குள்ளேயே நிற்பதுபோல் இருக்கும்.

'எல்லார் வீட்டிலும் வரும்' என்ற பேச்சுக்கு முப்பது வயது ஆகிறது. 1995-இல் நின்டெண்டோ நிறுவனம் 'வர்ச்சுவல் பாய்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சிவப்பு நிறப் படம் மட்டுமே தெரியும். ஒரு வருடத்துக்குள் மூட்டை கட்டிவிட்டார்கள். 2014-இல் ஃபேஸ்புக், ஆக்குலஸ் நிறுவனத்தை 200 கோடி டாலருக்கு வாங்கியது. ஹெட்செட் தயாரிக்கும் அந்தப் பிரிவில் 2023-இல் மட்டும் 1,600 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். 2024-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஹெட்செட்டின் விலை 3,499 டாலர், நம் காசில் சுமார் 2.9 லட்சம். இத்தனை பணம் கொட்டியும், கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஹெட்செட் வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவிலேயே சில ஆண்டுகளாக நிற்கிறார்கள்.

ஏன் பரவவில்லை? போன் எப்படிப் பரவியது என்று யோசித்தால் விளங்கும். கேம் ஆடுவதற்காக நம் வீடுகளில் யாரும் போன் வாங்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவரின் முகம் பார்க்க, பணம் அனுப்ப, கொரோனா காலத்தில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு என்று வாங்கினோம். 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலையும் சரிந்தது. பப்ஜி அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. 2020 செப்டம்பரில் அரசு தடை செய்தபோது அது தெருத்தெருவாகப் பரவிவிட்டிருந்தது. ஹெட்செட்டுக்கு அப்படி வேறொரு வேலை வீட்டில் இன்னும் கிடைக்கவில்லை.

ஜியோ ஒரு முயற்சி செய்தது. 2023 ஐபிஎல் சமயத்தில், போனை உள்ளே செருகி மேட்ச் பார்க்கும் 'ஜியோடைவ்' பெட்டியை 1,299 ரூபாய்க்கு விற்றது. ஆனால் மேட்ச் என்பது நம் வீட்டில் ஐந்தாறு பேர் சேர்ந்து கத்திக்கொண்டு பார்ப்பது. பெட்டியை மாட்டியவர் மட்டும் தனியாக எங்கோ இருப்பார்!

இட வசதியும் ஒரு பிரச்சினை. எழுந்து நின்று ஆடும் விளையாட்டுகளுக்கு ஆறரை அடிக்கு ஆறரை அடி வெற்றிடம் வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் போக சைதாப்பேட்டையில் எத்தனை வீட்டில் அவ்வளவு இடம் மிஞ்சும்?

அடுத்தது தலைச்சுற்றல். ஓடுகிறோம் என்று கண் சொல்லும். உட்கார்ந்திருக்கிறோம் என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்லும். இந்த முரண்பாட்டில் சிலருக்குக் குமட்டிவிடும். பஸ்ஸில் வாந்தி வரும் பிள்ளைகள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

சில நூறு ரூபாய்க்கு, போனைச் செருகும் பிளாஸ்டிக் பெட்டிகள் கிடைக்கின்றன. மாலில் ஆடியது இதுதான் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். தலையைத் திருப்புவது மட்டுமே அதற்குத் தெரியும். ஓரடி முன்னால் போனாலோ குனிந்தாலோ காட்சி கூடவே வராது. ஒரு வாரத்தில் பீரோ மேல் ஏறிவிடும். தனியாக இயங்கும் நல்ல ஹெட்செட்டில் விலை குறைந்ததான மெட்டா குவெஸ்ட் 3எஸ், 2024-இல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்தது. அதுவே சுமார் 25,000 ரூபாய். இறக்குமதிச் செலவு தனி. கேம்களில் பலவற்றைத் தனியாக வாங்க வேண்டும். பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் இது சின்னத் தொகை இல்லை.

என் கணிப்பில், வி.ஆர். நம் பக்கம் பரவினால் மணிக்கணக்கு வாடகையில்தான் பரவும், முன்பு பிரவுசிங் சென்டர் பரவியதுபோல. விளையாட்டை விட்டு வேலைப் பயிற்சிக்கும் அது போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே, ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் மணிவண்ணன் தலைமையில் இதற்கென்றே 'எக்ஸ்டிக்' என்ற ஆய்வு மையம் இருக்கிறது. கேமில் ஆர்வமுள்ள பிள்ளை ஹெட்செட் இல்லாமலேயே யூனிட்டி, அன்ரியல் மென்பொருட்களை இலவசமாக இறக்கிப் பழகலாம். போன் கேம், வி.ஆர். கேம் இரண்டையும் அவற்றிலேயே செய்கிறார்கள். ஆனால் ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும்.

மாலுக்குக் கூட்டிப் போனால் வயதைப் பாருங்கள். பத்து வயதுக்குக் கீழே வேண்டாம் என்கிறது மெட்டா. பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெற்றோர் கணக்கின் கீழ் மட்டும். சோனியின் எல்லை பன்னிரண்டு வயது. முகத்தில் படும் பஞ்சைத் துடைத்துத் தரச் சொல்லுங்கள். முதல் தடவை உட்கார்ந்து ஆடும் விளையாட்டே போதும். குமட்டத் தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும். கழற்றிய பிறகும் தலை லேசாகச் சுற்றினால், அது நிற்கும்வரை பெரிய பையனாக இருந்தாலும் வண்டியை எடுக்க விடாதீர்கள்.